மூடி இல்லாத பெட்டி: பழைய திறந்த காரை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பழைய காரைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு இரண்டு இடத்தில்தான் போய் நிற்கும். ஒன்று எஞ்சின், இன்னொன்று பெயின்ட். "எஞ்சின் வேலை முடிச்சாச்சு, பெயின்ட் அடிச்சாச்சு, புது வண்டி மாதிரி ஆயிடுச்சு" என்று ஒருவர் படம் போடுவார், கீழே வரிசையாகப் பாராட்டு விழும். கூரை வைத்த சாதாரணக் காருக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஓடிவிடும். துணி டாப்பை மடக்கிவிட்டு, தலைக்கு மேல் வானத்தை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது ஓடாது. அந்த வண்டியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது, அது பெரும்பாலும் கண்ணில் படாத இடம். அங்கே கை வைக்காமல் பெயின்ட் அடிப்பது ஒழுகுகிற வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கதைதான்.

நான் மெக்கானிக் கிடையாது, இதைச் சொல்லிவிடுகிறேன். வேலை நிமித்தம் இங்கிலாந்தில் இரண்டு வருஷம் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இப்படி ஒரு வண்டி வைத்திருந்தார், சனிக்கிழமைகளில் அவருக்கு டார்ச் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். கார் வேலையே தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டி

பேச ஒரு உதாரணம் வேண்டும். எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள். இரண்டு சீட்டு, நீளமான பானட், 1798 சிசி எஞ்சின், மேலே துணி டாப்பு. கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. இன்றும் நிறைய உயிரோடு இருக்கிறது, உதிரிப் பாகமும் தாராளமாகக் கிடைக்கிறது, அதனால் பழைய திறந்த கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இதன் முன்னால்தான். இங்கே சொல்கிறதில் பெரும்பகுதி மற்றத் திறந்த கார்களுக்கும் பொருந்தும்.

ஸ்வீட் டப்பாவும் காரும்

தீபாவளிக்கு வருகிற ஒரு கிலோ ஸ்வீட் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி போட்டபடி இரண்டு மூலையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அவ்வளவாக அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு அதே இரண்டு மூலையை முறுக்குங்கள், துணி பிழிகிற மாதிரி வளையும், உள்ளே இருக்கிற மைசூர்பாக்கு உருளும். அட்டை அதே அட்டைதான். மூடி இருந்தபோது ஆறு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன, இப்போது ஐந்துதான் இருக்கிறது, மேல் விளிம்புகளைப் பிடிக்க ஆளில்லை.

கார் உடம்பும் இப்படித்தான். பழைய காலத்தில் கீழே கனமான இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும், அதற்கு சேஸ் என்று பெயர். எஞ்சின், சக்கரம் எல்லாம் அதில் பூட்டி, மேலே உடம்பை ஒரு தொப்பி மாதிரி வைத்துவிடுவார்கள். லாரியில் இன்றும் அப்படித்தான். எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏ அப்படிச் செய்த வண்டி. சென்னையில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நினைவிருக்கிறதா, அதுவும் தனிச் சேஸ் வைத்த கார்தான். அதன் சேஸை வெட்டிக் குறுக்கி அதன்மேல் இங்கிலாந்தில் கட்டிய திறந்த கார்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.

எம்ஜிபியில் தனிச் சேஸ் கிடையாது. தகட்டை மடக்கி, வளைத்து, ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து, உடம்பையே சட்டமாக ஆக்கிவிட்டார்கள். இதற்கு மோனோகாக் என்று பெயர். நம்முடைய இன்றைய கார்கள் ஏறக்குறைய எல்லாமே மோனோகாக்தான். எடை குறையும், உள்ளே இடம் கூடும். கூரை வைத்த மோனோகாக் என்றால் மூடி போட்ட ஸ்வீட் டப்பா. எம்ஜிபி ரோட்ஸ்டர் மூடி இல்லாத டப்பா. போதாததற்கு இரண்டு பக்கமும் கதவுக்காகப் பெரிய ஓட்டை வேறு.

அப்படியானால் அந்த வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது எது?

சில்

கார் கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறுகிற இடத்தில், கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஒரு விளிம்பு ஓடும். அதற்கு சில் என்று பெயர், வீட்டு வாசற்படி மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் சும்மா அலங்காரத் தகடு போலத்தான் தெரியும். உண்மையில் அது உள்ளே வெற்றிடம் வைத்த நீளமான இரும்புக் குழாய்.

குழாய்க்கு ஏன் இவ்வளவு பலம் என்றால், ஒரு செய்தித்தாள் பக்கத்தை விரித்துப் பிடித்தால் தொங்கும், சுருட்டிக் குழாயாக்கினால் நாயை விரட்டலாம். மூங்கிலும் அப்படித்தான். எம்ஜிபியில் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் திரை மாதிரி ஒரு தகடு, அடியில் இவற்றைச் சேர்க்கும் தகடு என்று பல அடுக்குகளை வெல்டிங் வைத்து இந்தக் குழாயைக் கட்டியிருக்கிறார்கள். இடதும் வலதும் இரண்டு சில், நடுவில் கியர் பாக்ஸைப் போர்த்தி ஓடுகிற மேடு, வண்டியின் முதுகெலும்பு இந்த மூன்றும்தான். கூரை இருந்திருந்தால் அது பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய பாரத்தையும் சேர்த்து இவைதான் சுமக்கின்றன.

ஸ்பிட்ஃபயருக்குச் சேஸ் இருக்கிறதே, அது தப்பித்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஹெரால்டில் இருந்த பக்கச் சட்டங்களை அதில் எடுத்துவிட்டார்கள், அந்த வேலையும் சில்லின் தலையில்தான் விழுந்தது.

சரி, இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: கூரை போனால் உடம்பு முறுக்குக்கு இளகும், அந்தக் குறையை ஈடுகட்டுவது கதவுக்குக் கீழே ஓடுகிற சில் என்ற குழாய், ஆகவே திறந்த காரில் சில் கெட்டால் வண்டியே கெட்டது.

துரு என்ன செய்கிறது

துரு என்றதும் பழுப்பு நிறப் பொடி என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்ஸிஜன், இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இரும்பு மெல்லக் கரைந்து வேறு பொருளாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு உள்ளே மின்னோட்டம் ஒன்று ஓடியாக வேண்டும். தகட்டின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு, ஈரத்தின் வழியாக, மிகச் சின்ன அளவில் ஓடும். உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், அதனால் துருவும் வேகமாகும். பெசன்ட் நகரில் கடல் பார்த்த வீட்டு ஜன்னல் கிரில்லை எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் நிற்காததற்கு இதுதான் காரணம். இங்கிலாந்தில் கடல் ஊருக்கே வந்துவிடுகிறது, குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் கல் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புச் சேறு சக்கரத்தில் சுழன்று காரின் அடியில் அடிக்கும்.

இன்னொரு விஷயம், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். பழைய மாடி வீட்டில் சீலிங் காரை பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டைத் தள்ளித் தள்ளி உடைத்திருக்கும். காரிலும் இதேதான். இரண்டு தகடு ஒட்டுகிற மடிப்புக்குள் ஈரம் புகுந்தால் துரு பருத்து, மடிப்பை நெம்பித் திறந்து, இன்னும் ஈரத்துக்கு வழி செய்துகொடுக்கும். பெயின்ட் மேல் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் அது உள்ளிருந்து வெளியே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கடுகு, உள்ளே உள்ளங்கை அகலம்.

எம்ஜிபியில் இதற்கென்றே அமைந்த மாதிரி ஒரு மூலை இருக்கிறது. முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள், சேறு தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்புத் தகடும் அதன் ஓரத்தில் ரப்பர் பட்டையும் உண்டு. நாளாக நாளாக ரப்பர் போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சேறு அந்தப் பொந்துக்குள் போய் உட்காரும், சில்லின் முன்முனை மேலேயே. வெயில் அடித்து வெளியே எல்லாம் காய்ந்தாலும் பூந்தொட்டி மண் மாதிரி அது மட்டும் ஈரமாகவே இருக்கும். பெரியவர் ஒருமுறை அந்த மூலையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். கறுப்பாக, உரம் மாதிரி, அதில் ஒரு புழுகூட நெளிந்தது.

இதனால்தான் அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் ஓடிய வண்டிகளைத் தேடிப்பிடித்து இங்கிலாந்துக்கே திரும்பக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கும், சீட்டு கிழிந்திருக்கும், ரப்பர் எல்லாம் கருவாடு. ஆனால் தகடு தகடாகவே இருக்கும். சீட்டை மாற்றுவது ஒரு வாரக் கடைசி வேலை, சில்லை மாற்றுவது அப்படி இல்லை.

கதவு இடுக்கில் ஒரு பென்சில்

பெரியவரின் நண்பர் ஒருவர் இன்னொரு எம்ஜிபி வாங்கப் பார்த்தார், எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். சிவப்பு வண்டி, கண்ணாடி மாதிரி பளபளப்பு, எனக்கானால் அங்கேயே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றியது. பெரியவர் பானட்டைத் திறக்கவே இல்லை. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சாதாரணக் காந்தம். சில்லின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். இரண்டு இடத்தில் அது ஒட்டாமல் கீழே விழுந்தது. அந்த இடங்களில் பெயின்ட்டுக்குக் கீழே இரும்பே இல்லை, பட்டி பார்த்து நிரப்பியிருந்தார்கள்.

அப்புறம் கதவை மூடிவிட்டு, கதவின் பின் ஓரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் ஒரு பென்சிலை வைத்தார். கீழ்ப்பக்கம் தாராளமாக நுழைந்தது. மேலே கொண்டுபோகப் போக இறுகி, உச்சியில் பஸ் டிக்கெட்கூட நுழையவில்லை. இந்த இடுக்கு மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்தால் நடுவில் தொய்யும், தொய்ந்தால் இரண்டு ஓரமும் உள்ளே சாயும். கார் முன்னும் பின்னும் சக்கரத்தின் மேல் நிற்கிறது, நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. சில் பலமாக இருந்தால் நேராக நிற்கும். அது உள்ளே அரித்துப்போயிருந்தால் நடு உடம்பு மயிரிழை மயிரிழையாகத் தொய்யும், கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள தூண்கள் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும், கதவு மேலே இறுகும்.

கடைசியாக விற்பவரிடம் அனுமதி கேட்டு, வண்டியின் நடுவில் ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றினார். ஏற ஏற அந்த உச்சி இடுக்கு நம் கண் முன்னாலேயே திறந்தது. டிக்கெட் நுழையாத இடத்தில் பென்சில் நுழைந்தது. ஜாக்கி முட்டிய இடத்தில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தமும் வந்தது, விற்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஜாக்கியை இறக்கினார், நன்றி சொன்னார், நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம்.

அந்த வண்டிக்கு என்ன நடந்திருந்தது என்பதை டீக்கடையில் விளக்கினார். பழைய சில் அரித்துப்போனதும் யாரோ அதை வெட்டி எடுக்காமல், மேலேயே புதுத் தகட்டை மூடி வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, சிவப்பு அடித்திருக்கிறார்கள். உள்ளே துரு அப்படியே வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். இன்றைக்குப் பார்க்க அழகு, நாலு வருஷத்தில் கொப்புளம். ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்குக் கீழே மட்டும் ஒருபோதும் தலையைக் கொடுக்காதீர்கள், ஸ்டாண்ட் வைக்காமல்.

சில்லை மாற்றுவது என்றால் என்ன

முறையாகச் செய்வதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று பலரும் கேட்கிறார்கள். வெளியே தெரிகிற நீளம் சில்லின் முழு நீளம் இல்லை, முன்முனை முன் மட்கார்டுக்குள்ளும் பின்முனை பின் மட்கார்டுக்குள்ளும் ஒளிந்திருக்கும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றலாம். பின்னது வெல்டிங், அதன் கீழ்ப்பகுதியை வெட்டியாக வேண்டும். கதவுக்குக் கீழே தெரிகிற துண்டை மட்டும் மாற்றுவது மலிவாக முடியும், ஆனால் அரிப்பு அதிகமாக இருக்கிற இடமே அந்த ஒளிந்த முனைகள்தான்.

இரண்டாவது, முதுகெலும்பை வெட்டி எடுக்கும்போது வண்டி அப்படியே உட்கார்ந்துவிடக் கூடாது. அதனால் வெட்டுவதற்கு முன்னால் கதவு ஓட்டைக்குக் குறுக்கே, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு, ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுப்பார்கள். பழைய வீட்டில் உத்திரம் மாற்றும்போது சவுக்குக் கட்டை முட்டு வைக்கிறோமே, அதேதான். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் செய்வார்கள். நடுநடுவே கதவை மாட்டி இடுக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை வெல்டிங் வைத்துவிட்டால், தொய்வு நிரந்தரமாகிவிடும், பிறகு அந்தக் கதவு என்றைக்கும் சரியாக மூடாது.

அளவுக்கு மீறிப் போன வண்டிக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் உடம்புத் தகடுகளை அழுத்திச் செய்த பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, எம்ஜிபியின் முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. பழைய வண்டியின் எஞ்சின், சக்கர அச்சு, சீட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாம். அப்போது அது பழைய காரா புதுக் காரா என்று சிலர் சண்டை போடுவார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை, கதவு மூடினால் சரி.

தண்ணீருக்கு வழி விடுங்கள்

புதுச் சில் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம், அல்லது அதிர்ஷ்டவசமாக நல்ல சில் உள்ள வண்டி கிடைத்துவிட்டது. இனிப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் தண்ணீர் நிர்வாகம்தான்.

திறந்த காரில் தண்ணீர் வராமல் தடுக்க முடியாது, இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். துணி டாப்பு, ஓரத்து ரப்பர், கண்ணாடிச் சட்டம் என்று எங்காவது ஒரு வழியில் உள்ளே வரும். வந்தது போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மஸ்டாவின் எம்எக்ஸ்-5 என்ற ஜப்பானியத் திறந்த கார் 1989-ல் வந்தது, முதல் தலைமுறை வண்டிகள் இப்போது பழசாகிவிட்டன. அதில் சீட்டுக்குப் பின்னால், டாப்பு மடங்குகிற இடத்தில், மழைநீர் வடிய இரண்டு குழாய் உண்டு. இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேராகச் சில்லின் பின்முனைக்குள் போய்விடும். அந்த வண்டி எங்கே துருப்பிடிக்கும் என்று எவரைக் கேட்டாலும் பின் சக்கரத்துக்கு முன்னால் என்றுதான் சொல்வார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தக் குழாயைச் சுத்தம் செய்திருந்தால் பாதி வண்டிகள் தப்பித்திருக்கும் என்று தோன்றுகிறது.

எம்ஜிபி சில்லின் அடியிலும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. துருவைத் தடுக்கிறேன் பேர்வழி என்று வண்டியின் அடியில் கறுப்புத் தார் மாதிரி ஒன்றைத் தடிமனாக அடிப்பார்கள், அது இந்த ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடும். அதோடு, ஏற்கெனவே துருப்பிடித்த தகட்டின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலையைத்தான் அது செய்யும். நல்ல வழி, சில்லின் உள்ளே மெழுகு தெளிப்பது. நீளக் குழாயை உள்ளே விட்டு, இளக்கிய மெழுகைப் பீய்ச்சினால், அது மடிப்புகளுக்குள் ஊர்ந்துபோய்ப் படலமாக நிற்கும். காய்ந்து வெடிக்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி செய்தால் போதும்.

தரை விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் இருக்கிற பஞ்சு ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் குடித்து வைத்திருக்கும், தரைத் தகடு உள்ளிருந்து கீழ்நோக்கி அரிக்கும். டாப்பை நனைந்தபடி மடக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலைக் கடும் குளிரில் மடக்கினால் உடைந்துவிடும், அதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியின் சாரம் இது: உள்ளே வருகிற தண்ணீர் வெளியே போகிற ஓட்டைகளைத் திறந்து வையுங்கள், குழாய்களின் உட்புறத்துக்கு மெழுகு கொடுங்கள், துருவின் மேல் எதையும் பூசி மறைக்காதீர்கள்.

நிற்பதால் கெடுபவை

"ரொம்ப ஓடலை, ஷெட்டிலேயே இருந்த வண்டி" என்று விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இறைத்த கிணறு ஊறும், இறையாத கேணி நாறும். பழைய காருக்கு இது அப்படியே பொருந்தும், காரணம் ரப்பரும் எண்ணெய்களும்.

குக்கர் கேஸ்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் பரணில் கிடந்த குக்கரை எடுத்து வைத்தால் ஓரத்தில் ஆவி பிடுங்கும், கேஸ்கெட் இறுகியிருக்கும். காரில் அப்படிப்பட்ட கேஸ்கெட்டுகள், ஹோஸ்கள், புஷ்கள் ஏராளம். புஷ் என்பது இரும்பும் இரும்பும் சேருமிடத்தில் அதிர்ச்சியை வாங்க வைத்திருக்கிற ரப்பர் துண்டு. வண்டி தடதடக்கிறது, ஸ்டீரிங் அலைகிறது என்றால் பல நேரம் காரணம் இந்தச் சின்ன ரப்பர்கள்தான். மாற்றச் செலவும் குறைவு. நியாயமாகப் பார்த்தால் செலவழித்த காசுக்கு அதிகமான மாற்றம் தெரிகிற வேலை இதுதான், ஆனால் படம் எடுத்துப் போட முடியாதே, அதனால் யாரும் செய்வதில்லை.

பிரேக் ஆயில் இன்னும் முக்கியம். மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கிற கல் உப்பு தானாகவே நீர்த்துப்போகும், காற்றிலிருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. வழக்கமான பிரேக் ஆயிலுக்கும் இதே குணம். புதிய டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு, ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரமே 155 டிகிரிதான் எதிர்பார்க்கிறது. மலையிறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே இருக்கிற ஈரம் கொதித்தால் ஆவிக்குமிழி வரும். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிவிடும், பெடல் தரையைத் தொடும். வண்டி ஓடியதோ இல்லையோ, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

டயரும் அப்படித்தான். பட்டன் புதுசாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2309 என்றால் 2009-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். அந்த ரப்பர் இப்போது தேங்காய் ஓடு.

பெட்ரோல் ஹோஸ் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், நம் ஊரில் 20 சதவீதம் வரை வந்துவிட்டது. பழைய காலத்து ரப்பரை எத்தனால் அரிக்கும், ஹோஸ் பிசுபிசுத்தோ வெடித்தோ போகும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் கசிகிற பெட்ரோல் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் புது ஹோஸ் ஒரு நல்ல சாப்பாட்டு விலைதான்.

எஞ்சின், வயரிங்

வேண்டுமென்றே இதைக் கடைசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எம்ஜிபி எஞ்சின் பி-சீரிஸ் என்ற குடும்பம், நம் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் அண்ணன். அம்பாசடரை ரோட்டோரத்தில் ஸ்பேனரும் கம்பியும் வைத்து ஓட்டிப்போன டிரைவர்களை நினைத்துக்கொண்டால் இதன் குணம் புரிந்துவிடும். ஆயில் மாற்றி, வால்வு இடைவெளி சரிபார்த்து, இரண்டு கார்புரேட்டரையும் ஒரே சீராக வைத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். கெட்டாலும் கழற்றி மேஜையில் வைத்து வேலை செய்யலாம், சில்லை அப்படிக் கழற்ற முடியாது.

வயரிங்கில் ஒன்றே ஒன்று. காரில் கரண்ட் போவதற்குத்தான் வயர், திரும்பி வருவது பெரும்பாலும் உடம்புத் தகடு வழியாக. இதைத்தான் எர்த் என்கிறோம். எர்த் வயர் பூட்டியிருக்கிற போல்ட் துருப்பிடித்தால் கரண்ட் திரும்பத் திணறும், லைட் மங்கும், இண்டிகேட்டர் போட்டால் வேறு எதுவோ சேர்ந்து மினுக்கும். புது வயரிங் செட் வாங்குவதற்கு முன்னால் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

அப்படியானால் பெயின்ட் எப்போது?

பிரிட்டனில் 40 வருஷத்துக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. சொந்தக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை மேலே தூக்கி அடியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கண் இதனால் போய்விட்டது. பெரியவர் இன்னும் காசு கொடுத்து அந்தச் சோதனைக்கு விடுகிறார். அவருடைய வண்டி 1972-ம் வருஷத்தது, பச்சை நிறம், பானட்டில் பெயின்ட் பல இடத்தில் மங்கி, ஒரு மட்கார்டு மட்டும் வேறு பச்சையாக இருக்கும். எப்போது பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்று நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் கேட்டேன். அவர் கதவைத் திறந்து, விரலால் லேசாகத் தள்ளினார். டொக் என்று ஒரே சத்தத்தில் மூடியது. "சில்லோட பின்முனைக்கு மெழுகு அடிக்கணும், அது முடியட்டும்" என்றார்.